அப்ரண்டிஸ் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்...

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்த வாரத்தில் எங்கள் கள்ளக்குறிச்சியில் இரண்டு தாய்மார்கள் சந்தித்தால் பேச்சு ஒன்றே ஒன்றுதான். "உங்க பிள்ளையை எந்த குரூப்பில சேர்க்கப் போறீங்க?" நானூற்றைம்பதுக்கு மேல் மார்க்கு வாங்கிய பிள்ளைக்கு வழி சொல்ல ஊரே திரண்டு வரும். முந்நூறுக்குக் கீழே வாங்கிய பிள்ளையின் தாயாரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஒரு பரிதாபப் பார்வையோடு சரி. அவளும் பேச்சை மாற்றிவிட்டு, கடைக்கு நேரமாச்சு என்று நழுவி விடுவாள்.

அந்தத் தாய்மார்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சில பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் கண் நிற்காது. ஆனால் கழன்றுபோன சைக்கிள் செயினைக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் மாட்டிவிடும். தையல் மெஷின் சிக்கிக்கொண்டால், அம்மா எழுந்து வருவதற்குள் பாபின் கேஸைக் கழற்றி நூலை எடுத்துவிடும். இப்படிக் கையில் வேலை ஓடுகிற பிள்ளைகளுக்கு என்றே ஒரு படிப்பு வழி இருக்கிறது. நல்ல வழி. ஆனால் அதே வழியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது தாயாருக்கு மிக அவசியம்.

பழகுநர் என்றால் யார்?

நாம் அப்ரண்டிஸ் என்று சொல்வதைத்தான் தமிழில் தொழிற்பழகுநர் என்கிறார்கள். தொழிற்சாலையிலோ பணிமனையிலோ சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே தொழிலைக் கற்றுக்கொள்பவர். முழுக்க மாணவரும் இல்லை, முழுக்கத் தொழிலாளியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்.

நம் ஊருக்கு இது புதிய சங்கதி இல்லை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கலை எந்தப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தது? அப்பனுக்குப் பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான். மரப் பட்டறையில் முதல் நாளே யாரும் சாமி முகத்தைச் செதுக்கச் சொல்ல மாட்டார்கள். கட்டையைத் தேர்ந்தெடுக்க, உளியைத் தீட்ட, கோடு போட என்று கை பதமாகிற வரைக்கும் சில்லறை வேலைதான்.

தொழிற்சாலைக்கும் இந்தப் பதப்படுத்தல் வேண்டும். சொல்லப்போனால் அங்கேதான் இன்னும் அதிகமாக வேண்டும். உளி தவறினால் விரலில் கீறும். மெஷின் தவறினால் விரலே போய்விடும். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையோ கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையோ, கரும்பு அரைக்கும் பருவத்தில் ராத்திரி பகலாக ஓடுகின்றன. அவற்றை ஓட வைக்க ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாரும் வேண்டும். பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து எழுந்து வந்த பதினாறு வயதுப் பிள்ளையை நேராக அந்தச் சத்தத்துக்குள் தள்ளினால் அது மிரளும். அதனால்தான் பழகுநராகச் சேர்வதற்கு முன்னால் ஒரு முன்பயிற்சிப் படி வைக்கிறார்கள். கருவிகளின் பெயர், அளவெடுப்பது, வரைபடம் படிப்பது, பாதுகாப்பாக நிற்பது, நேரத்துக்கு வருவது ஆகிய இவைதான் அந்த முதல் படி.

ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கு என்று 1969-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே பழகுநர் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில் வேலை கற்கிறார். ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் பாடம் படிக்கிறார். அதற்கும் முன்னால், ஒன்பதாம் வகுப்பு வாக்கில், பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மூன்று வாரம் ஏதாவது ஒரு பணியிடத்துக்குப் போய் இருந்து பார்த்துவிட்டு வருவார்கள். இந்த வேலை நமக்கு ஒத்து வருமா, வராதா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது பாருங்கள்! ஆஸ்திரேலியாவில் பழகுநர் பயிற்சிக்கு முந்தின படிப்பு என்று தனியாகவே நடத்துகிறார்கள்.

நம் தமிழ்நாட்டில் இந்த முதல் படிக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல்: பள்ளியிலேயே தொழிற்கல்வி

1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிப்பு வந்தபோதே அதோடு தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. இன்றைக்கும் அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், மின்னணுவியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்தி, நெசவியல், ஆடை வடிவமைப்பு, வேளாண் அறிவியல், செவிலியம் என்று பாடங்கள் இருக்கின்றன. தமிழ், ஆங்கிலத்தோடு தொழிற்பாடமும், செய்முறையும், வேலைவாய்ப்புத் திறன்கள் என்ற பாடமும் உண்டு.

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று சொல்கிறேன். நம் நாட்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. அதை 1986-இல் திருத்தி, பிளஸ் டூ தொழிற்கல்வி தேறியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே இந்தப் பிரிவில் படித்த பிள்ளை, பிறகு ஒரு வருஷம் நிறுவனத்தில் உதவித்தொகையோடு பழகுநராக இருக்கலாம். தென் மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

"தொழிற்கல்வி எடுத்தா மேலே படிக்க முடியாதாமே?" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர வழி உண்டு. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனால் அந்த இடம் நிரம்பாமலே பிரிவு படுத்துவிடுகிற பள்ளிகள் உண்டு. நான் விசாரித்த ஒரு பள்ளியில் இயந்திரவியல் பிரிவு பெயரளவில் இருந்தது. செய்முறை அறையில் பழைய பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே பிரிவு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறை நடக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் அந்த அறையை எட்டிப் பாருங்கள்.

இரண்டாம் வாசல்: ஐ.டி.ஐ.

எட்டாவது தேறினால் வெல்டர், வயர்மேன் போன்ற தொழில்களில் சேரலாம். பத்தாவது தேறினால் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் என்று வழி விரிகிறது. பதினான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும். வெல்டர் ஒரு வருஷம். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் இரண்டு வருஷம்.

எங்கள் மாவட்டத்தில் சின்னசேலம், உளுந்தூர்பேட்டை போன்ற ஊர்களில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில், கருமந்துறையில், பழங்குடிப் பிள்ளைகளுக்கென்றே ஒன்று இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் ரூ.750 உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் கொடுத்து வந்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஐ.டி.ஐ. பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சேருகிற வருஷத்தில் எது எது உண்டு என்று விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஐ.டி.ஐ.யா, அங்கே பழைய துருப்பிடித்த மெஷின்தானே?" என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடி செலவில் நவீனமாக்கும் திட்டத்தைத் தமிழக அரசு எடுத்தது. 2023 ஜூலையில் ஒரகடத்தில் முதல் மையம் திறந்தது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைச் செதுக்கும் மெஷின்களும், வேலை செய்யும் ரோபோ கைகளும் அங்கே பாடமாகி விட்டன.

இன்னொரு நல்ல விஷயம்: பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. தேறி, தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழிப் பரீட்சையும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று கிடைக்கும். எட்டாவது முடித்தவர்களுக்கு இதே மாதிரி பத்தாவதுக்கு இணையான சான்று. "படிப்பு நின்றுபோச்சு" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாம் வாசல்: நேராகப் பழகுநர்

பள்ளிப் படிப்போடு நேராகப் பழகுநராகச் சேரவும் முடியும். சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஐ.சி.எஃப்., இருக்கிறதல்லவா? அங்கே பத்தாவதில் குறைந்தது 50 சதவீதம் வாங்கி, 15 வயது நிரம்பிய பிள்ளைகளைப் புதியவர் என்ற பிரிவில் ஃபிட்டர், வெல்டர், கார்பெண்டர், எலெக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், பெயிண்டர் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் தனி இடம். நமக்குப் பக்கத்தில் நெய்வேலி என்.எல்.சி.யும் ஐ.டி.ஐ. தேறியவர்களைப் பழகுநராக எடுக்கிறது.

பள்ளியிலிருந்து நேராக வருகிற புதியவரை எடுத்த எடுப்பில் மெஷினில் நிறுத்தக் கூடாது. முதலில் அடிப்படைப் பயிற்சி கொடுத்த பிறகுதான் பணிமனை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஐ.டி.ஐ. தேறியவர் அதை ஏற்கெனவே முடித்துவிட்டவர் என்பதால் அவருக்கு அது வேண்டாம்.

உதவித்தொகை எவ்வளவு என்பீர்கள். 2019-இல் திருத்திய விதி, பத்தாவது தேறியவருக்கு மாதம் குறைந்தது ரூ.6,000, பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. தேறியவருக்கு ரூ.7,000 என்று வைத்தது. இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் அது கூடும். அவ்வப்போது திருத்தப்படும் தொகை இது. சேரும்போது நடப்பில் உள்ளது எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும். முப்பது பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் அந்த விதியில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. கையில் மிஞ்சுவது தொழிலும், தேர்வு எழுதித் தேறினால் கிடைக்கிற தேசியப் பழகுநர் சான்றிதழும்தான். அந்தச் சான்றிதழுக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு.

அதே சொல், வேறு முகம்

இனி ஏமாற்றும் முகத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கல்வராயன் மலையிலிருந்து புளியும் பலாப்பழமும் கொண்டுவந்து கொடுக்கும் பெண் ஒருத்தி உண்டு. வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர். கோமுகி அணை வழியாக பஸ்ஸில் இறங்கி வருவாள். ஒரு நாள் வந்தவள் புளியைக் கூட எடை போடாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எம் பொண்ணு பத்தாவது பாஸாயிட்டா. ஊருக்கு ஒருத்தர் வந்தாரு. மில்லுல அப்ரண்டிஸ் வேலை இருக்குதாம். மூணு வருசம் அங்கேயே தங்கிக்கணுமாம். முடிஞ்சதும் மொத்தமா பணம் குடுப்பாங்களாம். கல்யாணத்துக்கு ஆவும்னு சொல்றாரு. நாளைக்கே கையெழுத்து கேக்குறாரு. போடலாமாக்கா?"

எனக்குத் திக்கென்றது. காரணம், மூன்று வருஷம், விடுதி, கடைசியில் மொத்தப் பணம் என்ற இந்த ஏற்பாட்டை நான் முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். மேற்கு மாவட்டங்களின் நூற்பு மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இது நடந்தது. கல்யாணப் பணம் என்று ஆசை காட்டி, ஏழை வீட்டு வயசுப் பெண்களை அழைத்துப் போனார்கள். அவர்களுக்கு வைத்த பெயரும் அப்ரண்டிஸ்தான். தொழில் கற்பது கொஞ்ச நாள். மற்ற நாளெல்லாம் முழுத் தொழிலாளியின் வேலை, அதற்குக் குறைந்த கூலி, நீண்ட நேரம், வெளியே போக வரத் தடை. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பினால் மொத்தப் பணம் கிடைக்காமல் போவதும் உண்டு. நெதர்லாந்தின் சோமோ என்ற ஆய்வு அமைப்பு இந்தியாவுக்கான நெதர்லாந்துக் குழுவோடு சேர்ந்து 2011-லும் 2014-லும் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகு வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் வரைக்கும் கேள்வி எழுந்தது.

நான் அவளிடம், "தங்கச்சி, கையெழுத்துப் போடாதே. அந்த ஆளிடம் நான் சொல்கிற கேள்வியையெல்லாம் கேட்டுவிட்டு வா" என்று சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெண் படித்தவள்தானே, அவளே படித்துக் கேட்டிருக்கிறாள். மூன்றாவது கேள்விக்கே அந்த ஆள், "இவ்வளவு கேள்வி கேக்கறவங்களுக்கு வேலை இல்லை" என்று கிளம்பிப் போய்விட்டாராம்.

அந்தக் கேள்விகள் இதோ. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தத் தொழிலுக்குப் பயிற்சி? "மில் வேலை" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் போதாது. ஃபிட்டரா, வெல்டரா, தையல் மெஷின் இயக்குபவரா என்று தொழிலுக்குப் பெயர் இருக்க வேண்டும்.

2. எத்தனை மாதம்? முதலில் அடிப்படைப் பயிற்சி எவ்வளவு காலம், யார் கற்றுக் கொடுப்பார்?

3. பழகுநர் ஒப்பந்தம் அரசாங்கத்தில் பதிவாகுமா? உண்மையான பயிற்சி என்றால் ஒப்பந்தம் எழுதி, அரசின் இணையத்தில் பதிவு செய்வார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும்.

4. உதவித்தொகை மாதாமாதம் பிள்ளையின் வங்கிக் கணக்கில் விழுமா? "கடைசியில் மொத்தமாக" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

5. தினம் எத்தனை மணி நேரம்? ராத்திரி ஷிப்டு உண்டா? ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பழகுநரை வேலையில் வைக்க, அதற்கென்று உள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும்.

6. ஆபத்தான தொழிலா? அப்படியானால் பழகுநருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும்.

7. அடிபட்டால் யார் பொறுப்பு? பயிற்சியின்போது வேலையால் காயம் பட்டால் நஷ்டஈடு தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தொழிலாளருக்கு உண்டான உடல்நலம், பாதுகாப்பு விதிகள் பழகுநருக்கும் உண்டு.

8. முன்பணம், டெபாசிட், தரகுக் கூலி கேட்கிறார்களா? அசல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? இரண்டில் எது நடந்தாலும் வேண்டாம்.

9. முடிவில் கிடைப்பது எந்தச் சான்றிதழ்? கம்பெனி லெட்டரா, தேசியச் சான்றிதழா?

சந்தேகம் வந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ, பக்கத்து அரசு ஐ.டி.ஐ. முதல்வரிடமோ கேளுங்கள். படிப்பு சம்பந்தமான யோசனைக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை எங்கேயாவது மாட்டிக்கொண்டால் 1098-க்குப் போன் செய்யலாம்.

மலையிலிருந்து வந்த அந்தப் பெண் இப்போது அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் ஃபிட்டர் படிக்கிறாள். முதல் சில வாரங்கள் இரும்புத் துண்டை அரத்தால் ராவியே உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. தாயாருக்கு அழுகை. "புளி தட்டுற கையிது, தாங்கும்மா" என்று மகள்தான் சமாதானம் சொன்னாளாம்.

உடம்பைக் காப்பது எப்படி?

பட்டறைக்குப் போகும் பிள்ளையைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளையைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

காலையில் வெறும் டீயோடு அனுப்பாதீர்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை. தலை சுற்றினால் மெஷினில் கை போகும். இரண்டு இட்லியோ, பழைய சோறோ, கேழ்வரகுக் கூழோ எதுவானாலும் வயிறு நிறைய வேண்டும். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

ரணஜன்னி ஊசி பதினாறு வயதில் ஒரு தடவை போட வேண்டும் என்பது அரசுத் தடுப்பூசி அட்டவணையிலேயே இருக்கிறது. போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுங்கள்.

பெண்ணானால் ஜடையை உயர்த்திக் கட்டித் தொப்பிக்குள் போட வேண்டும். துப்பட்டா, வளையல், கழுத்துச் செயின், கையில் கட்டிய சாமிக் கயிறு எதுவும் சுழலும் மெஷின் பக்கத்தில் கூடாது. பையன்களுக்கும் தொளதொளச் சட்டை கூடாது. வீட்டில் சொல்லி அனுப்பினால்தான் அங்கே போய்ச் சங்கடப்படாது. இன்னொன்று: துளை போடும் மெஷின், லேத் இவற்றில் வேலை செய்யும்போது கையுறை போடக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்து நாமே வாங்கிக் கொடுத்துவிடுவோம். அது சுழற்சியில் சிக்கிக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். எந்த வேலைக்குக் கையுறை, எதற்குக் கூடாது என்பதைப் பயிற்றுநர் சொல்படி கேட்க வேண்டும்.

வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி தூங்கும் நேரத்தில் கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் எரியும், நீராக வடியும். உடனே பாலை விடு, பச்சிலை பிழி என்று கைவைத்தியம் பார்க்காதீர்கள். கண்ணைக் கசக்காமல், கண் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புத் தூள் விழுந்தாலும் அப்படியே.

பெண் பிள்ளையைச் சேர்க்கும்போது கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டால், வெளியில் சொல்ல முடியாமல் தண்ணீர் குடிக்காமலே இருந்து பிள்ளை நோயை வாங்கிக்கொண்டு வரும்.

வீட்டிலேயே ஆரம்பம்

இன்னும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு யோசனை. பிள்ளைக்கு இந்த வேலை ஒத்து வருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

தையல் டேப்பைக் கொடுத்து சமையலறை அலமாரியை அளக்கச் சொல்லுங்கள்; அங்குலத்தில் ஒரு தடவை, மில்லிமீட்டரில் ஒரு தடவை. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பது மனத்தில் நிற்கும். அந்த அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துத் தாளில் படம் போடச் சொல்லுங்கள். தொழிற்சாலை வரைபடத்துக்கு அதுதான் அரிச்சுவடி. ஐ.டி.ஐ.யில் வெர்னியர் காலிபர் என்ற கருவியில் 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் அளப்பார்கள். நம் தலைமுடியின் பருமனில் பாதிக்கும் குறைவு அது! அளவில் ஆசை வந்த பிள்ளை அங்கே தடுமாறாது.

தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது, குக்கர் காஸ்கெட் மாற்றுவது, சைக்கிள் பிரேக் கட்டையைச் சரி செய்வது எல்லாம் மகனுக்கு மட்டும் இல்லை, மகளுக்கும். வேலை முடிந்ததும் ஸ்பேனரைத் துடைத்து அதே இடத்தில் வைக்கப் பழக்குங்கள். கரண்ட் வேலை மட்டும் வேண்டாம். அதைப் பயிற்றுநர் கையில் விட்டுவிடுங்கள்.

பெண்ணுக்கு எதற்கு இரும்பு வேலை?

இந்தக் கேள்வியை மாமியார்தான் கேட்பார் என்றில்லை, நாமே கேட்போம். உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் செருப்புத் தொழிற்சாலை அமைக்கத் தைவான் நாட்டு பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ரூ.2,302 கோடி முதலீடு, 20,000 பேருக்கு வேலை, அதில் பெரும்பாலும் பெண்களுக்கு என்று அப்போது அறிவித்தார்கள். நம் மாவட்டத்துப் பெண்கள் இனிமேல் தொழிற்சாலைக்குப் போகத்தான் போகிறார்கள். வரிசையில் உட்கார்ந்து ஒரே தையலைப் போடுகிறவளாகப் போவதா, அந்த மெஷின் நின்றால் திறந்து பார்த்து ஓட வைக்கிறவளாகப் போவதா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. இரண்டாவது ஆளுக்குச் சம்பளமும் கூட, மரியாதையும் கூட. அதற்குத் தொழில் படித்திருக்க வேண்டும்.

வருஷா வருஷம் பத்தாவது முடிவு வந்த கையோடு ஐ.டி.ஐ. விண்ணப்பமும் ஆரம்பித்துவிடும். சில வாரந்தான் அவகாசம். மார்க்கு ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றை ஏப்ரலிலேயே ஒரு பையில் போட்டு வையுங்கள். மலை ஊர்களில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தே சேர்க்கைத் தேதியைத் தவற விடுகிற பிள்ளைகள் உண்டு. அதை முன்னதாகவே எழுதிப் போட்டுவிட வேண்டும்.

முடிவு வருவதற்கு முன்னால், லீவில் ஒரு நாள், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பக்கத்து ஐ.டி.ஐ.க்குப் போங்கள். அனுமதி கேட்டுப் பணிமனையைச் சுற்றிப் பாருங்கள். எந்த மெஷின் முன்னால் பிள்ளையின் கால் நிற்கிறது என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றி அது தானாகப் பேச ஆரம்பித்தால், சகோதரிகளே, மறுநாளே விண்ணப்பத்தை வாங்கிவிடுங்கள்.